நாலாவது கைப்பிடி

வாகனத் தகுதி அலுவலகத்தின் வாசலுக்கு நேர் எதிரே ஒரு மேசை போட்டு, பொதுமக்கள் சொல்வதை அலுவலகத்துக்குப் புரிகிற நடையில் எழுதித் தருவது என் தொழில். "வண்டி நின்னுபோச்சு" என்று வந்து சொல்வார்கள். "மேற்படி வாகனமானது இயக்கமற்ற நிலையை எய்தியுள்ளது" என்று நான் எழுதுவேன். அப்படி எழுதினால்தான் வண்டி உண்மையிலேயே நின்றுபோனதாக உள்ளே ஒப்புக்கொள்வார்கள். என் நடையைப் பற்றி எனக்குக் கொஞ்சம் கர்வம் உண்டு. ஜீப்காரருக்கு வந்த வினை அந்தக் கர்வத்தால் வந்ததுதான். அதை நானே முதலில் சொல்லிவிடுகிறேன், பிறகு யாரும் என்னைக் குத்திக்காட்ட வேண்டாம்.

ஜீப்காரரின் மனைவி நர்ஸ். புதன்கிழமைதோறும் தடுப்பூசிப் பெட்டியைத் தூக்கிக்கொண்டு மலைமேல் இருக்கிற குடியிருப்புக்கு அவர் போக வேண்டும். ஏழு கிலோமீட்டர். முதல் இரண்டு தார், மீதி ஐந்தும் சேறு. பெட்டியில் இருக்கிற ஐஸ் கரைவதற்குள் போய்ச் சேர வேண்டும். கரைந்துவிட்டால் மருந்து வீண், மேலே காத்திருக்கிற கைக்குழந்தைகளுக்கு மறுபடி அடுத்த புதன்தான். அந்தப் பாதையில் ஏறக்கூடிய வண்டி ஊரிலேயே ஒன்றுதான், அது ஜீப்காரருடைய கிழட்டு ஜீப். அதுவும் மழைக்காலத்தில் பாதி வழியில் ஒரு பின்சக்கரத்தை மட்டும் சேற்றில் சுற்றவிட்டுக்கொண்டு நின்றுவிடும்.

ஏன் ஒரு சக்கரம் மட்டும் சுற்றுகிறது என்று அவர் எனக்கு ஒருநாள் தேநீர்க் கோப்பையை வைத்து விளக்கினார். வளைவில் திரும்பும்போது வெளிப்பக்கச் சக்கரம் அதிக தூரம் ஓட வேண்டும். ஆகவே இரண்டு பின்சக்கரமும் தங்கள் விருப்பப்படி வெவ்வேறு வேகத்தில் சுற்ற, அச்சின் நடுவில் டிஃபரன்ஷியல் என்று ஒரு பல்சக்கரக் கூட்டம் இருக்கிறது. தார் ரோட்டில் அது நல்ல பிள்ளை. சேற்றிலோ, வழுக்குகிற சக்கரத்துக்கே எல்லாச் சக்தியையும் அனுப்பிவிடும். தரையில் உறுதியாக நிற்கிற சக்கரத்துக்கு ஒன்றும் போகாது. இந்த ஏற்பாட்டைக் கண்டுபிடித்தவர் ஏதாவதொரு அலுவலகத்தில் கொஞ்சகாலம் குப்பை கொட்டியிருக்க வேண்டும் என்று நான் நினைத்துக்கொண்டேன்.

இதற்கு மருந்தாக அந்த ஜீப்பின் பின்னச்சில் ஒரு பூட்டு உண்டு. பூட்டைப் போட்டால் இரண்டு சக்கரமும் ஒன்றாகத்தான் சுற்றும், ஒன்று வழுக்கினாலும் மற்றது வண்டியைத் தள்ளிவிடும். பூட்டு நன்றாகத்தான் இருந்தது. அதை இயக்குகிற காற்றுக்குழாய்தான் மக்கி உதிர்ந்துவிட்டது. அந்தக் குழாயைச் செய்தவர்கள் இப்போது குழாய் செய்வதில்லையாம். ஆகவே கையாலேயே பூட்டுவதற்கு ஒரு இணைப்பைத் தானே செய்துவிடுவது என்று ஜீப்காரர் முடிவு செய்தார்.

முதலில் இருக்கைக்குப் பக்கத்தில் ஒரு பழைய கேட்டின் தாழ்ப்பாளைக் கைப்பிடியாக வைத்து, அங்கிருந்து பின்னச்சு வரை நேராக ஓர் இரும்புக் கம்பியை இழுத்தார். வண்டி குழியில் குதிக்கும்போதெல்லாம் அச்சு மேலும் கீழும் போனது. கம்பி தானாக இழுபட்டுக் கேட்காமலே பூட்டு விழுந்தது. மூன்று நாள் வண்டிக்கு அடியில் படுத்து யோசித்தார். நாலாம் நாள் நர்சம்மா வேலை முடிந்து வந்து, குனிந்து பார்த்தார்.

"இது ஏன் இவ்வளவு விறைப்பா இருக்கு?"

"இரும்புக் கம்பி பின்ன எப்படி இருக்கும்?"

"என் கையைப் பாருங்க. முழங்கையை மடக்கறேன், நீட்டறேன். விரல் தானா மூடிக்குதா? உள்ள ஓடுற நரம்பு உறைக்குள்ள வளைஞ்சு கொடுக்குது. உங்க வண்டிக்கு எலும்பு மட்டும் வெச்சிருக்கீங்க, நரம்பு வெக்கல."

ஜீப்காரர் கொஞ்ச நேரம் அவருடைய முழங்கையையே பார்த்துக்கொண்டிருந்தாராம். மறுநாள் கம்பியைப் பாதியில் வெட்டினார். இழுப்பின் திசையைத் திருப்ப நடுவில் ஒரு சைக்கிள் மிதிகட்டைத் தண்டை வைத்தார். அங்கிருந்து அச்சு வரை மோட்டார் சைக்கிளின் கிளட்ச் கேபிளை உறையோடு ஓட்டினார். கைப்பிடியை விட்டதும் பூட்டு திறந்துகொள்ள ஒரு சுருள்வில். அதன்பிறகு குழியில் வண்டி எவ்வளவு குதித்தாலும் கேபிள் வளைந்து கொடுத்தது, பூட்டு அவர் இழுத்தால் மட்டும் விழுந்தது. அடுத்த புதன் ஜீப் எங்கேயும் நிற்காமல் மேலே போய்ச் சேர்ந்தது. நர்சம்மா பெட்டியைத் திறந்து, கரையாமல் இருந்த ஐஸிலிருந்து ஒரு துண்டை எடுத்துப் புருஷன் வாயில் போட்டார். அவர்களுடைய கல்யாண வாழ்க்கையில் அது ஒரு நல்ல நாள் என்று இரண்டு பேருமே சொல்வார்கள்.

அந்தச் சமயம் பார்த்து ஜீப்பின் வருடாந்திரத் தகுதிச் சான்று முடிந்தது. ஜீப்காரர் என் மேசைக்கு வந்தார்.

"அண்ணே, அந்தக் கைப்பிடியைக் கழட்டி வீட்ல வெச்சுட்டு வண்டியைக் காட்டட்டுமா? ரெண்டு போல்ட்டுதான்."

"எதுக்குக் கழட்டணும்? ஒளிக்கறதுக்கு அது என்ன திருட்டுப் பொருளா? நான் எழுதற எழுத்துல அவங்களே எழுந்து நின்னு கைகுலுக்குவாங்க, பாருங்க."

எழுதினேன். "மலைவாழ் மழலையரின் நல்வாழ்வை முன்னிட்டு, விண்ணப்பதாரர் தம் சொந்தச் சிந்தனையால் மேற்படி வாகனத்தில் ஒரு கைப்பிடியைப் புதிதாகப் பொருத்தியுள்ளார் என்பதைப் பணிவன்புடன் தெரிவித்துக்கொள்கிறார்." எழுதி முடித்து இரண்டு தரம் எனக்கே வாசித்துக் காட்டிக்கொண்டேன். ஜீப்காரர் கழற்றியே வந்திருந்தால் ஐந்து நிமிடத்தில் முத்திரை விழுந்திருக்கும்.

ஆய்வாளர் அந்தத் தாளை வாங்கிப் படித்தார். கைகுலுக்கவில்லை.

"சொந்தச் சிந்தனைன்னு போட்டிருக்கீங்க. அதுக்கு எந்தப் பிரிவுல அனுமதி வாங்கினீங்க?"

"சிந்தனைக்கா சார்?"

"பதிவேட்டுல உங்க வண்டிக்குக் கைப்பிடி மூணு. கியருக்கு ஒண்ணு, கை பிரேக்குக்கு ஒண்ணு, நாலு சக்கர ஓட்டத்துக்கு ஒண்ணு. இப்ப நாலு இருக்கு. அப்ப இது வேற வண்டி."

"அதே வண்டிதான் சார். நம்பரைப் பாருங்க."

"அதே நம்பர்ல வேற வண்டியா? அது இன்னும் பெரிய குத்தம்."

இருந்தாலும் ஆய்வாளர் நியாயமான மனிதர். கைப்பிடி வேலை செய்கிறதா என்று தாமே ஓட்டிப் பார்ப்பதாகச் சொன்னார். அலுவலகத்தின் சோதனைத் திடல் வழவழவென்று சிமெண்ட் பூசியது. ஜீப்காரர் பதறிப்போய்க் கூடவே ஓடினார்.

"சார், இது சேத்துக்கு மட்டும்தான். கெட்டித் தரையில பூட்டைப் போட்டுத் திருப்பக் கூடாது. ரெண்டு சக்கரமும் ஒரே வேகத்துல சுத்தும், வண்டி அடம்பிடிக்கும்."

"எங்க அலுவலகத்துல இருக்கறது கெட்டித் தரைதான். அலுவலகத்துல வேலை செய்யாத ஒண்ணை அலுவலகம் எப்படி ஏத்துக்க முடியும்?"

சொல்லிவிட்டுக் கைப்பிடியை இழுத்து, ஸ்டீயரிங்கை முழுக்க ஒடித்தார். டயர் தரையில் தேய்ந்து கத்தியது. வண்டி திரும்பமாட்டேன் என்று விக்கி விக்கி நேராகப் போய், "பொறுமை காக்கவும்" என்ற பலகையைச் சாய்த்துவிட்டு நின்றது. ஆய்வாளர் இறங்கி வேர்வையைத் துடைத்துக்கொண்டு அறிக்கை எழுதினார். "மேற்படி கைப்பிடியை இயக்கியபோது வாகனம் திரும்ப மறுத்ததுடன் அலறவும் செய்தது." சான்று நிறுத்திவைக்கப்பட்டது. ஜீப் "ஆய்வில் உள்ளது" என்ற அட்டையோடு அலுவலக வளாகத்திலேயே நின்றது.

நர்சம்மா அடுத்த புதன் நடந்தார். அதற்கடுத்த புதனும் நடந்தார். ஐந்து கிலோமீட்டர் சேற்றை மிதித்து அவர் தாமதமாகப் போய்ச் சேர்ந்ததற்கு, வாகனமின்றிப் பணியிடம் செல்ல முன்அனுமதி பெறாதது ஏன் என்று அவருடைய துறை விளக்கம் கேட்டது. மூன்றாவது புதன் சாயந்திரம் முழங்கால் வரை சேற்றோடு என் மேசை முன் வந்து நின்றார்.

"அண்ணே, உங்க எழுத்து ரொம்ப நல்லா இருக்குன்னு எல்லாரும் சொல்றாங்க. இன்னைக்கு ஐஸ் கரைஞ்சுடுச்சு. ஒம்பது குழந்தைங்களைத் தூக்கிட்டு வந்த அம்மாங்க அப்படியே திரும்பிப் போனாங்க. அதையும் அழகா எழுதிக் கொடுங்க."

எனக்கு நாக்கைப் பிடுங்கிக்கொள்ளலாம் போல இருந்தது. மறுநாள் காலை இரண்டாவது விண்ணப்பம் எழுதினேன். அழகெல்லாம் பார்க்காமல், சோதிக்கச் சேறு வேண்டும் என்பதை மட்டும் எழுதினேன். கெட்ட பழக்கம் விடாததால் கடைசியில் "ஆய்வின் மாண்பு கருதி" என்று மட்டும் சேர்த்தேன். அந்த மூன்று சொல்லை உள்ளே இறுகப் பிடித்துக்கொண்டார்கள்.

ஆய்வின் மாண்புக்கு ஏற்ற சேறு என்றால் எது என்று முடிவு செய்ய ஒரு குழு அமைந்தது. மண்ணை ஒரு பிரிவு தரும், தண்ணீரை வேறு பிரிவு தரும் என்று குழு முடிவு செய்தது. தண்ணீர் திங்கட்கிழமை வந்தது. மண் வியாழக்கிழமை வந்தது. அதற்குள் தண்ணீர் வற்றிவிட்டதால் மறுபடி தண்ணீருக்கு எழுதினார்கள். தண்ணீர் வந்தபோது, மண் நனைந்துவிடக் கூடாது என்று மூட்டைகளை உள் அறையில் பத்திரமாகப் பூட்டி வைத்திருந்தார்கள், சாவிக்காரர் விடுப்பில் இருந்தார். இவ்வளவுக்கும் வெளியே மழை கொட்டிக்கொண்டிருந்தது. அலுவலகத்துக்கு வருகிறவர்கள் செருப்பைக் கையில் பிடித்துக்கொண்டுதான் தெருவைக் கடந்தார்கள். ஆய்வாளரைப் பார்த்துக் கேட்டேன்.

"சார், வாசல்லயே முழங்கால் சேறு இருக்கே."

"அது பொதுச் சேறுய்யா. தெரு வேற துறை."

இதற்கிடையில் ஒரு பத்திரிகைக்காரர் ஜீப்பைப் படம் எடுத்துப் போட்டுவிட்டார். எங்கள் ஊரில் உயரமான கார் வைத்திருக்கிற ஒரு கூட்டம் உண்டு. மலை ஏறத் தகுந்த டயர், முன்னால் எருமைக் கொம்பு மாதிரி இரும்புக் கம்பி, கூரையில் ஒரு மண்வெட்டி. அந்தக் காரில் ஏறி ரொட்டி வாங்கப் போவார்கள், ரோட்டில் ஈரம் இருந்தால் வேறு தெருவைச் சுற்றிக்கொண்டு போவார்கள். கைப்பிடியின் படத்தைப் பார்த்ததும் அவர்களுக்குத் தூக்கம் போய்விட்டது. ஒரே வாரத்தில் அலங்காரப் பொருள் கடையில் வெள்ளிப் பூச்சோடு கைப்பிடிகள் வந்து இறங்கின. தாழ்ப்பாள் போலவே இருக்கும், துருகூடப் பெயிண்டில் அடித்திருக்கும். முப்பது பேர் அதை மாட்டிக்கொண்டு அனுமதிக்கு வந்தார்கள். ஆய்வாளர் எல்லாரிடமும் ஒரே கேள்விதான் கேட்டார்.

"இது எதையாவது இயக்குமா?"

"இல்ல சார், சும்மா."

"அப்ப ஆட்சேபணை இல்ல."

முப்பதுக்கும் முத்திரை விழுந்தது. முப்பது விண்ணப்பத்தையும் நான்தான் எழுதினேன்.

ஒரு வழியாகச் சேற்றுக்குழி தயாரானது. மழை விழுந்து சேற்றைக் கெடுத்துவிடக் கூடாது என்று மேலே தகரக் கூரை போட்டிருந்தார்கள். திறந்துவைக்கப் பெரிய அதிகாரி வந்தார், துறை அவருக்கு வாங்கிக் கொடுத்த புது மலைவண்டியில். தண்ணீருக்குள் இன்ஜின் மூச்சு விட ஒரு குழாய், கதவில் மலைச்சிகரத்தின் படம், உள்ளே கைப்பிடியே கிடையாது, எல்லாம் பொத்தான். அன்று புதன்கிழமை. நர்சம்மா பெட்டியோடு என் மேசையருகே நின்றிருந்தார். இன்றைக்காவது ஜீப்பை விடுவார்கள், இன்றைக்காவது ஐஸ் கரையாமல் போகலாம் என்று ஒரு நம்பிக்கை.

பெரிய அதிகாரி ரிப்பனை வெட்டிவிட்டு, தாமே வண்டியைக் குழிக்குள் இறக்கினார். நடுவில் போனதும் வண்டி நின்றது. ஒரு பின்சக்கரம் மட்டும் சுற்றி, முன்வரிசையில் இருந்த குழு உறுப்பினர்கள் அனைவர் மேலும் தரமான சேற்றை வாரி இறைத்தது. அவர் பொத்தானை அமுக்கினார். வண்டிக்குள்ளிருந்து ஒரு பெண் குரல் மிக மரியாதையாகச் சொன்னது. "இவ்வசதி தற்போது செயல்படவில்லை. தயவுசெய்து வாகனத்தை அருகிலுள்ள சேவை மையத்துக்கு ஓட்டி வரவும்." மறுபடி அமுக்கினார். அதே மரியாதை. கண்ணாடி மெல்ல இறங்கியது.

"யாராவது ஏதாவது பண்ணுங்கப்பா."

எல்லோருடைய பார்வையும் ஜீப்பின் பக்கம் போனது. ஆய்வாளர் "ஆய்வில் உள்ளது" அட்டையைத் தம் கையாலேயே எடுத்தார். ஜீப்காரர் குழியின் விளிம்பு வரை பின்னோக்கி வந்து கயிற்றை மாட்டினார். இழுக்கும்போது ஜீப்பின் ஒரு சக்கரமும் வழுக்கத்தான் செய்தது. அவர் பதறாமல் கைப்பிடியை இழுத்தார். அடியில் டக்கென்று ஒரு சத்தம். இரண்டு சக்கரமும் சேர்ந்து சேற்றைக் கவ்வின, புது வண்டி கொழகொழவென்று வெளியே வந்தது. கூட்டம் கைதட்டியது. நர்சம்மா தட்டவில்லை, பெட்டி கையில் இருந்தது. ஆனால் அவர் முகத்தில் இருந்த பெருமையை நான் பார்த்தேன்.

பெரிய அதிகாரி சட்டையைத் துடைத்துக்கொண்டே கேட்டார். "என்னப்பா வேணும் உனக்கு?"

"சான்று வேணும் சார். இன்னைக்குப் புதன்கிழமை."

அங்கேயே, பானெட்டின் மேலேயே வைத்துச் சான்றில் கையெழுத்துப் போட்டார். நர்சம்மா பெட்டியோடு ஜீப்பில் ஏறப் போனார். ஆய்வாளர் குறுக்கே கையை நீட்டினார்.

"கொஞ்சம் இருங்கம்மா. சான்றைப் படிச்சீங்களா? வகை, மீட்பு வாகனம். இந்த வண்டி இன்னொரு வண்டியை இழுத்ததை அலுவலகமே நேர்ல பாத்திருக்கு. வேற வகைன்னு போட முடியுமா? மீட்பு வண்டியில ஆள் ஏறக் கூடாது. தானா இயங்க முடியாத பொருளைத்தான் ஏத்தலாம்."

"சார், ஐஸ் கரையுது."

"பெட்டி ஏறலாம். பெட்டி தானா இயங்காது. நீங்க நடந்து வாங்க."

ஜீப்காரர் ஸ்டீயரிங்கில் நெற்றியை முட்டிக்கொண்டார். நர்சம்மா கோபப்படவில்லை. ஊசிக்கு அழுகிற குழந்தையிடம் பேசுகிற குரலில் கேட்டார்.

"ஒரு பொருள் தானா இயங்காதுன்னு யார் எழுதிக் கொடுக்கணும்?"

"படிவம் பதினாலு. பொருளோட உரிமையாளர் எழுதிக் கொடுக்கணும்."

"என் உரிமையாளர் நான்தான். கொண்டாங்க."

ஆய்வாளர் விதிப்புத்தகத்தை முன்னும் பின்னும் புரட்டினார். கூடாது என்று எங்கேயும் இல்லை. நர்சம்மா கையெழுத்துப் போட்டார். "மேற்படி பொருள் தானாக இயங்கும் நிலையில் இல்லை. பிறர் இழுத்தாலன்றி நகராது." காரணம் என்ற கட்டத்தில் "புதன்கிழமை" என்று எழுதினார். படிவத்தோடு கொடுத்த "இயங்காப் பொருள்" அட்டையைக் கழுத்தில் மாட்டிக்கொண்டு ஏறி உட்கார்ந்தார். அன்று ஐஸ் கரையவில்லை.

அதோடு கதை முடிந்திருக்கலாம். ஆனால் மலைக்குப் போகிற ஜீப் அது ஒன்றுதானே. குடியிருப்புக்காரர்கள், வாத்தியார், தபால்காரர் என்று எல்லோரும் படிவம் பதினாலுக்கு வந்தார்கள். மலைமேல் ஒரு கிளைச் சேற்றுக்குழி அமைக்கலாமா என்று இடம் பார்க்க அலுவலகமே அதே ஜீப்பில் கிளம்பியது, ஆகவே அவர்களுக்கும் ஆளுக்கொரு படிவம் பதினாலு. பெரிய அதிகாரி படிக்காமலே கையெழுத்துப் போட்டார். ஆய்வாளர் மட்டும் படித்துவிட்டுப் பேனாவைக் கடித்தார்.

"காரணம்னு கேட்டிருக்கே. என்னய்யா எழுதறது?"

"உங்க சர்வீஸ் எத்தனை வருஷம் சார்?"

"இருவத்திரண்டு."

"அதையே எழுதுங்க."

எழுதினார். ஏற்கப்பட்டது. கூடவே மனு எழுதப் போன எனக்கும் ஒன்று நிரப்பிக்கொண்டேன்.

படிவம் பதினாலு ஒரு வருடத்துக்குத்தான் செல்லும். போன வாரம் புதுப்பிப்பு. இன்னும் தானாக இயங்கும் நிலைக்கு வரவில்லை என்று நேரில் வந்து உறுதிசொல்ல வேண்டும். வரிசை தெருமுனை வரை நின்றது, அதில் நானும் நின்றேன். கைப்பிடிக் கார்க்காரர்கள்கூட நின்றார்கள், கழுத்தில் அட்டை மாட்டுவது இப்போது ஒரு ஸ்டைலாகிவிட்டது. ஜீப்காரர் காலையிலேயே பிடித்துவைத்திருந்த இடத்துக்கு நர்சம்மா சாயந்திரம் வேலை முடிந்து வந்தார். ஜன்னலில் அவர் முறை வந்தபோது ஆய்வாளரிடம் கேட்டார்.

"சார், இந்த ஜீப்பை ஆள் ஏறுற வண்டின்னு மாத்தறதுக்கு எந்தப் படிவம்?"

"அதுக்குப் படிவமே கிடையாதும்மா. வெள்ளைத் தாள்ல ஒரு வரி எழுதிக் கொடுத்தா போதும். யாரும் கேக்கலையே."

ஒரு வருடத்தில் நானூறு படிவம் நிரப்பியவன் நான். அந்த ஒரு வரி எனக்குத் தோன்றவே இல்லை. நர்சம்மா என் மேசையிலிருந்து ஒரு வெள்ளைத் தாளை எடுத்து, "இந்த ஜீப்பில் ஆள் ஏறலாம் என்று மாற்றித் தரவும்" என்று தம் கையாலேயே எழுதி நீட்டினார். ஆய்வாளர் முத்திரையைக் கையில் எடுத்தார்.

வரிசையில் ஒரு சலசலப்பு. "அப்ப காலையிலேருந்து நாங்க நின்னதுக்கு என்ன அர்த்தம்?" என்றது ஒரு குரல். "நான் இப்பத்தான் புதுப்பிச்சேன், அது வீணா?" என்றது இன்னொன்று. "அட்டைக்கு நூல் மாத்தினேனே" என்றார் தபால்காரர். முறைப்படி வந்தவர்களுக்கு ஒரு மரியாதை வேண்டாமா என்று கூட்டம் ஜன்னலை நெருக்கியது. அந்த முதல் குரல் என்னுடையது என்பதைச் சொல்ல வெட்கமாக இருக்கிறது.

ஆய்வாளர் முத்திரையைக் கீழே வைத்தார். "பொதுமக்கள் ஆட்சேபணை இருக்கும்மா. அடுத்த வருஷம் பாக்கலாம்."

நர்சம்மா திரும்பி எங்கள் எல்லோரையும் ஒருமுறை பார்த்தார். பிறகு படிவம் பதினாலை வாங்கி நிரப்பினார். காரணம் என்ற கட்டத்தில், போன வருடம் எழுதியதை எழுதாமல், "பின்னால் நிற்பவர்கள்" என்று எழுதினார். ஆய்வாளர் படித்துப் பார்த்துவிட்டு, எல்லாம் சரியாக இருக்கிறது என்று முத்திரை குத்தினார்.